சிவப்புக் குறி போட்ட ஆலிவ் மரம்

மத்தியதரைக் கடலை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் கரையோரத்து ஊர் ஒன்று எனக்கு மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. எந்தச் சந்தில் எந்தப் பூ, எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த வால்வு என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஊருக்கு இரண்டு வருடம் தண்ணீர் விட்டவன் நான்.

ஊர் இருந்தது அபுதாபிக்கு வெளியே, மணலில். முசஃபாவில் இருந்த எங்கள் தொழிலாளர் கேம்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வசதியானவர்களுக்கு விற்பதற்காக, இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் ஒரு கிராமத்தைப் போலவே நாற்பது வீடுகளும் நடுவில் ஒரு சதுக்கமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டக்கலையில் டிப்ளமா படித்தவன், லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் சூப்பர்வைசர். மரம், செடி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கீழே பதினோரு பேர்.

புது ஊரைப் பழைய ஊராக்க அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. சுவரில் விரிசல் வரைவதற்கென்றே ஒரு பெயிண்டர் இருந்தார். சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு விரிசலுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். ஜன்னல்களில் பாதி ஜன்னலே அல்ல. பச்சை மரக்கதவை மட்டும் சுவரில் அறைந்திருப்பார்கள், பின்னால் அறை கிடையாது. இது தெரிந்தும் அந்தக் கதவுகளுக்குக் கீழே நடக்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை.

பிறகு ஒரு நாள் லைஃப்ஸ்டைல் ஐட்டம்ஸ் என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் வந்தது. அதாவது அந்த ஊர் ஜனங்களின் வாழ்க்கைமுறை. சந்துக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட வேண்டும்: ஆண்கள் சட்டை நான்கு, படுக்கை விரிப்பு இரண்டு, பெண் குழந்தையின் கவுன் ஒன்று. சுவரில் சாய்த்த சைக்கிள் ஒன்று. சதுக்கத்தில் எதிரெதிராக இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் மேசை, மேசைமேல் பாதி ஆடி நிறுத்திய டோமினோ. காற்றில் விழாமலிருக்க டோமினோக் கட்டைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். துணிகளை வாரம் ஒரு முறை தூசி தட்டும் வேலையும் எங்கள் தலையில்தான் விழுந்தது. யாருமே உடுத்தாத கவுனைக் கழற்றி உதறி மறுபடியும் மாட்டும்போது ஆட்கள் பேசமாட்டார்கள். சும்மாவே வாயடிக்கிற கூட்டம், அந்த வேலையின்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

கோடையில் இங்கே மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். ஆட்கள் மதில் சுவருக்கு அப்பால் ஏசி போட்ட கேபினுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். ஊர் வெறிச்சோடிவிடும். ஆனால் சத்தம் மட்டும் நிற்காது. செயற்கைப் பாறைகளுக்குள் ஸ்பீக்கர் ஒளித்து வைத்து, அந்த நாட்டுச் சில்வண்டின் ஓசையை ஓடவிட்டிருந்தார்கள். அதை நிறுத்தும் பட்டன் எங்கே என்று சைட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மணிக்கூண்டிலும் மணி கிடையாது, ஸ்பீக்கர்தான். ஆளில்லாத ஊரில் அது மணிக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும். உச்சி வேளையில் தனியாக நடமாடக்கூடாது என்று சின்ன வயதில் கேட்டதை எல்லாம் நான் என்றோ மறந்திருந்தேன். அந்தச் சந்துகள் நினைவுபடுத்தின.

சைட்டில் எனக்கு முன்பே பழக்கமான ஒரே செடி அரளி. நம்மூர் ரோட்டோரத்து அரளிதான், அவர்கள் ஊரிலும் அது ஓடைக்கரைச் செடியாம். ரோஸ்மேரியும் லாவண்டரும் எனக்குப் புதிது. அவற்றுக்குத் தண்ணீர் விட்டால் பிடிக்காது, கல்லும் வறட்சியும்தான் வேண்டும். பாவம் காய்கிறதே என்று இரக்கப்பட்டு ஆட்கள் ஹோஸைப் பிடித்துவிடுவார்கள். முதல் குளிர்காலத்தில் அப்படி இரக்கப்பட்டே நாங்கள் கொன்ற லாவண்டர் இருநூறு தேறும்.

ஆலிவ் மரங்கள் அடுத்த வருட நவம்பரில் வந்தன. கப்பலில் வந்து, டிரெய்லரில் ஏறி, வேர்ப்பந்தோடு மரப்பெட்டிக்குள் நின்றபடி நாற்பத்தொரு மரம். ஒவ்வொன்றுக்கும் சில நூறு வயது என்றார்கள். அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி. நடுவில் ஆள் புகுந்து நிற்கிற பொந்து. கிரேனில் தூக்கி இறக்கியபோது ஒரு மரத்தின் மார்பளவு உயரத்தில் பாதி அழிந்த சிவப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. உள்ளங்கை அகலம்.

நான் கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவன். "பாத்தீங்களாடா, மரத்துக்குப் பொட்டு? அங்கயும் நம்ம ஆத்தாதான்போல. கும்புட்டுக்கங்க," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் காலை அந்த மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வாரம் முடிவதற்குள் சிவப்பு வட்டத்தைச் சுற்றி மஞ்சள் பூசி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார்கள். முசஃபாவில் பக்காலா என்கிற மளிகைக் கடையில் எல்லாமே கிடைக்கும். விளையாட்டு வினையாகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. அந்தப் பொய் ஊரில் நிஜமாகத் தோன்றியது அந்த மரம் ஒன்றுதான்.

சதுக்கத்தின் கிழக்கு மூலையில் அதை நட்டோம். பிப்ரவரியில், அதன் அடியில் மட்டும், யாரும் விதைக்காத செடிகள் முளைத்தன. சிவப்புப் பூ. காகிதத்தைவிட மெல்லிய இதழ், நடுவில் கறுப்பு. இலையையும் காயையும் குனிந்து பார்த்தேன். கசகசாச் செடியின் சாயல். இந்த நாட்டுக்குள் கசகசா கொண்டுவரக்கூடாது, மாட்டினால் ஜெயில் என்று கல்ஃபுக்கு வரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தான் அனுப்புவார்கள். ஒன்று விடாமல் பிடுங்கிச் சாக்கில் கட்டிப் புதைத்தேன். பத்து நாளில் அதே இடத்தில் அதைவிட அதிகமாக முளைத்திருந்தன.

இரண்டாம் தடவை பிடுங்கக் குனிந்தபோது புதுக்கோட்டைக்காரன் வந்து பக்கத்தில் நின்றான். என் ஆட்களில் அவன் ஒருவன்தான் அநாவசியமாகப் பேசாதவன். வயது முப்பத்தைந்து, கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

"அதுக இருந்துட்டுப் போகட்டும்ணே," என்றான். "வீட்ல மாசமா இருக்கா. ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவை இதுகிட்டதான் வேண்டியிருக்கேன்."

பார்த்தேன். மரத்தின் கிளையில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டியிருந்தது. சிரிப்புக்குச் சொன்ன பேச்சு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நல்லபடியா பொறக்கும், போ," என்று சொல்லிவிட்டுப் பூக்களை விட்டுவிட்டேன்.

அன்று முதல் தினமும் காலையில் வேலியிலிருந்து இரண்டு செவ்வரளிப் பூ பறித்து மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் அவன் மண்வெட்டியைத் தொடுவான். மார்ச் போய், ஏப்ரல் போய், மரத்தடியில் முளைத்த பூக்கள் தானாகவே கருகின. மற்ற ஆலிவ் மரங்கள் துளிர்விட்டன. அது மட்டும் நுனி இலையிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்தது. வெயில் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் கடைசியில் அவன் மனைவிக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சைட் ஒப்படைக்கிற சமயம், யாருக்கும் லீவ் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி அடுத்த வாரத்துக்கு அவனுக்கு லீவ் வாங்கிக் கொடுத்தேன். அவன் போனில் ஒரு படம் இருந்தது: உடம்பெல்லாம் குழாய், கை விரல் அளவுக்குக் கால். அதை ஒரே ஒரு தடவை காட்டினான். "மூச்சு மட்டும் தானா விட்டுட்டா போதும்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்," என்றான்.

அந்த வாரம்தான் இத்தாலிக்காரப் பெண்மணி ஒருவர் மரங்களைப் பரிசோதிக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். மர வைத்தியம் படித்தவர். அதே தென்கோடிப் பகுதியில் பிறந்தவர். மத்தியான இடைவேளையில் சதுக்கத்து வளைவுகளின் நிழலில் இருவரும் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது, நான் இரண்டு வருடமாகத் தூசி தட்டிக்கொண்டிருந்த ஊரின் நிஜத்தைப் போனில் காட்டினார்.

செம்மண். எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்குச் சற்றும் குறையாத காய்ந்த பூமி, ஆனால் கடல் வரைக்கும் வெள்ளி நிறத்தில் ஆலிவ். சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள். ஏப்ரலில் மரங்களுக்கடியில் மண்ணே தெரியாமல் சிவப்புப் பூ. அதே பூ. அது கசகசாவின் தூரத்துச் சொந்தம்தான், வெறும் வயற்காட்டுக் களை, பயப்படாதே என்றார். ஆகஸ்டில் தக்காளியை அரைத்துப் பலகையில் தடவி, நாம் வடாம் போடுவதுபோல மொட்டை மாடியில் காயவைப்பார்களாம். சாயங்காலம் ஆளுக்கொரு நாற்காலியைத் தெருவில் இழுத்துப் போட்டு ஊர்க்கதை பேசுவார்களாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மனிதர்கள் புழங்குகிற ஊராக அதை அதுவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"இந்த நேரத்தில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றார். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை அங்கே ஒரு தெருவிலும் ஆளைப் பார்க்க முடியாது. வெயில் மட்டும் காரணமல்ல, அது மனிதர்களுக்கான நேரம் இல்லை என்று குழந்தைகளைப் பயமுறுத்தி வைத்திருப்பார்கள் என்றார். தோப்புப் பக்கம் போனால் கூட்டிக்கொண்டு போய்விடும். எது என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். சில்வண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிர்ச் சந்தில் கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். இருட்டும் வரை துணி எடுக்காமல் கிடந்தால் அந்த வீட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்க் கதவைத் தட்டுவார்கள் என்றார். பிறகு எழுந்து, மரங்களைப் பார்க்கலாம் என்றார்.

கிழக்கு மூலை மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். காய்ந்த இலையை ஒடித்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, குங்குமத்தையும் மஞ்சளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். எனக்கு ஏனோ கை நீட்டித் தடுக்க வேண்டும்போல இருந்தது. உள்ளேயிருந்து அந்தச் சிவப்பு வட்டம் வந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தார்.

அது பெயிண்ட். அவர்கள் பக்கத்தில் சில வருடங்களாக ஆலிவ் மரங்களைத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நோய் உண்டு. நோய் கண்ட மரம் என்று உறுதியானதும், வெட்டி எரிப்பதற்காகப் போடும் குறி அது. தன் அப்பாவின் தோப்பில் ஒரே காலையில் அறுபது மரங்களுக்குப் போட்டதாகச் சொன்னார். இந்த மரம் எப்படித் தப்பி, யார் கண்ணில் மண்ணைத் தூவி, எந்தக் காகிதத்தில் கப்பலேறியது என்று அவருக்குப் புரியவில்லை. மிச்ச நாற்பதுக்கும் பரவுவதற்குள் நாளை மாலைக்குள் இது விழுந்தாக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, இந்த மஞ்சளைப் பூசியது யார் என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

ராத்திரி முழுக்க எனக்கு ஒரே யோசனை. புதுக்கோட்டைக்காரனிடம் எப்படிச் சொல்வது? நீ ஐந்து மாதமாகப் பூ வைத்துக் கும்பிட்டது சாவுக்குக் குறித்த மரத்தை என்றா? குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும்போதா? அவன் ஊருக்கு விமானம் ஏற இன்னும் நான்கு நாள். அவன் கண்ணெதிரே வெட்ட என்னால் முடியாது. அவனையே வெட்டச் சொல்லவும் முடியாது. கடைசியில் இடைவேளையில் நானே வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். சட்டப்படி தப்பு, மாட்டினால் கம்பெனிக்கு அபராதம். ஆனால் அந்த நேரத்தில் ஒரு ஈ காக்காய் இருக்காது.

மறுநாள் ஆட்கள் கேபினுக்குப் போனதும் செயின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போனேன். அன்று காலை வைத்த செவ்வரளி இரண்டும் மரத்தடியில் வதங்கிக் கிடந்தன. அவற்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியாது. மஞ்சள் கயிற்றை அவிழ்க்க முயன்றேன். முடிச்சு இறுகியிருந்தது. விட்டுவிட்டேன்.

ரம்பம் மரத்தில் பட்டதும் எண்ணெய் வாசனை வந்தது. செக்கடியில் நிற்பதுபோல அவ்வளவு வாசனை. மூக்கிலும் கண்ணிலும் வியர்வை ஊற்றியது. சுற்றிலும் அந்தப் பச்சைக் கதவுகள். பின்னால் அறையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகத்தான் முதுகுக்குப் பட்டது. இரண்டு முறை ரம்பத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். துணிகள் தொங்கின. காற்று துளியும் இல்லை. கவுன் மட்டும் இலேசாக ஆடியது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் பார்த்தேன்.

ரம்பம் நடுப்பொந்தை எட்டியபோது மணிக்கூண்டில் ஒரு மணி அடித்தது. அந்த ஒற்றை அடி ஓய்வதற்குள் மரம் முனகியது, சாய்ந்தது. டோமினோ மேசையும் நாற்காலிகளும் அதன் அடியில் நொறுங்கின. அப்போதுதான், இத்தனை நாளில் முதன்முறையாக, சில்வண்டுச் சத்தம் நின்றது. வயர் அறுந்திருக்கும், வேறென்ன. ஆனால் அந்த அமைதியில் அங்கே ஒரு நிமிடம்கூட என்னால் நிற்க முடியவில்லை. ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்பத்தாறு வயதில், பட்டப்பகலில், ஆளில்லாத ஊரில் தலைதெறிக்க ஓடினேன்.

மதிலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுக் கேபினுக்குத் திரும்பியபோது இரண்டாகப் போகிறது. புதுக்கோட்டைக்காரன் அங்கே இல்லை. ஊரிலிருந்து போன் வந்ததாம். டிரைவர் அவனைப் பின் கேட் வழியாகக் கேம்புக்குக் கூட்டிப் போய்விட்டாராம். குழந்தை தவறிவிட்டது. எத்தனை மணிக்கு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலேயே பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் சொன்னார். ஊர் நேரம் இரண்டரையாம். இந்தியா எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். குழந்தைகூடப் போடும் கணக்கு.

நான் படித்தவன். அபுதாபி மணலில் நிற்கும் ஒரு மரத்துக்கும் திருச்சியில் ஒரு குழந்தையின் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பத்து முறை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பதினோராவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் கேம்பில் அவன் அறைக்குப் போனேன். அவசர லீவ் கிடைத்து, டிக்கெட்டும் வந்திருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். குழந்தைக்கென்று வாங்கிய போர்வை ஒன்றை உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தான். நான் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மரத்த வெட்டியாச்சாமேண்ணே," என்றான்.

"ஆமா. அதுல நோய் இருந்துச்சு. இத்தாலிக்காரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எனக்குத் தெரியும்ணே."

நான் அவனைப் பார்த்தேன்.

"எங்க ஊர்ல ரோட்ட அகலப்படுத்துறப்ப புளியமரத்துக்கெல்லாம் இப்படித்தான் சிவப்புல போட்டுட்டுப் போனாங்க. வட்டத்தப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது வெட்டக் குறிச்ச மரம்னு. நீங்க பொட்டுன்னு சொன்னீங்க. நான் ஒண்ணும் சொல்லல." போர்வையை மடித்தான். "சாவக் குறிச்ச பெறகும் தப்பிச்சு, கடல் தாண்டி வந்து நிக்குதே. எம்பிள்ளையையும் அதே மாதிரி தப்பிக்க வையின்னுதான் அதுகிட்டக் கேட்டேன். வேற யாருகிட்டக் கேக்குறது?"

அவன் துணிகளை அடுக்கி முடித்தான். பெட்டியின் ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தினான்.

"எத்தனை மணிக்குண்ணே வெட்டுனீங்க?"

"மூணு மணிக்கு மேல."

"பிரேக்ல படுத்திருக்கையில ஏதோ மிஷின் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"ஜெனரேட்டரா இருக்கும். பிரேக்ல எவன்டா வெயில்ல நின்னு மரம் வெட்டுவான்? மாட்டுனா அபராதம் யாரு கட்டுறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். என் சட்டைப்பையில் அந்த அரளிப்பூ இரண்டும் இருந்தன. அவன் பார்வை படாதபடி கையை வைத்து மறைத்துக்கொண்டேன். கணக்கு முடிந்ததும் அவன் உடம்பு தளர்ந்தது. ஜிப்பை முழுக்க இழுத்து மூடினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஒங்க மேல கோவப்படணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்," என்றான்.

மூன்று மணிக்கு மேல்தான் என்று நான் இன்னொரு முறை சொன்னேன்.